அட்டைப்பெட்டி சொல்வதும் ஹாலில் கேட்பதும்

(சமுதாயக் கூடத்துக்கு ஸ்பீக்கர் வாங்குவது பற்றிய விவாதத்துக்கு முன், குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சார், வயர்லெஸ் ஸ்பீக்கர் விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உண்மையா?" பொங்கல் விழாவுக்கு முன் கூடத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்க வேண்டும். நமது வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே பதினோரு மாடல்களின் படம் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அதிக வாட்ஸ். பணம் நம் எல்லோருடைய பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகப்போகிறது. இதற்கிடையில், இரவில் மேல் வீட்டிலிருந்து "தும் தும்" என்று கேட்கிறது என்று இரண்டு புகார்களும் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். பெயர் பெற்ற கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் போடும் எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. எண் பெரிய எழுத்தில் இருக்கும். நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்த நிபந்தனை நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் வாட்ஸ். கேசட் காலத்து மியூசிக் சிஸ்டங்களில் "பி.எம்.பி.ஓ." என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருப்பார்கள், பலருக்கு நினைவிருக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியே 1000 வாட்ஸ்தான். பாட்டுப் பெட்டி எப்படி 3000 வாட்ஸ் இழுக்கும்? கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் ஓர் உச்சத்தை வைத்து அவரவர் போட்டுக்கொண்ட கணக்கு அது. பொதுவான அளவுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காகவே 1974-இல் ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. நீங்கள் தேட வேண்டிய சொல் "ஆர்.எம்.எஸ்.": தொடர்ந்து தரக்கூடிய திறன். அந்தச் சொல் இல்லாமல் வெறும் வாட்ஸ் மட்டும் இருந்தால் அந்த எண்ணை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

ஆர்.எம்.எஸ். என்று இருந்தாலும் இன்னொன்று கவனியுங்கள். 40 வாட்ஸ் ஸ்பீக்கர், 20 வாட்ஸ் ஸ்பீக்கரைப் போல இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்காது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 3 டெசிபல்தான் கூடும். "கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே" என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு என்று காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அடுத்து பேட்டரி. இதற்கு வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. ஜேபிஎல் ஃபிளிப் 6 என்ற நன்கு அறியப்பட்ட மாடலை எடுத்துக்கொள்வோம். 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 12 மணி நேரம் பாடும் என்று இரண்டு எண்கள். உள்ளே இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 17 வாட்-மணி. 17-ஐ 12-ஆல் வகுத்தால், மணிக்கு மணி சராசரியாக ஒன்றரை வாட்ஸ்கூடச் செலவாகவில்லை என்று தெரியும். முழு 30 வாட்ஸையும் இடைவிடாமல் இழுத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே இருக்காது என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாக இருக்காது. கம்பெனி பொய் சொல்லவில்லை. 30 வாட்ஸும் உண்மை, 12 மணி நேரமும் உண்மை. இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. மொட்டை மாடியில் வால்யூமைத் தூக்கி வைத்துக் கேட்பவர் பாதி நேரத்துக்கும் குறைவாக எதிர்பார்ப்பதே நல்லது.

மூன்றாவது, "அதிரடி பேஸ்". எல்லா விளம்பரத்திலும் இந்த வார்த்தை இருக்கும். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் ஹெர்ட்ஸ் கணக்கு ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். உள்ளங்கை அளவுள்ள ஜேபிஎல் கோ 3-க்கு 110 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஃபிளிப் 6-க்கு 63-இல். எண் குறையக் குறைய ஆழமான ஒலி வரும். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் ஆண்களுக்கான தம்புராவின் மந்தர சட்ஜம் சுமார் 65. ஆக, உள்ளங்கை ஸ்பீக்கரில் இவற்றின் அடி ஒலி வருவதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் நமக்குக் கேட்பது போலத் தோன்றுகிறதே? அதன் மேல் அடுக்கு ஒலிகளை வைத்து நம் மூளையே மீதியை நிரப்பிக்கொள்கிறது. இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டார் சின்ன ஸ்பீக்கரிலும் அடையாளம் தெரிவது இதனால்தான். அடையாளம் தெரியும், நெஞ்சில் அதிராது. ஆழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்னக் கூம்பு எவ்வளவு தள்ளும்? அதனால்தான் பல ஸ்பீக்கர்கள் வால்யூமைக் கூட்டும்போது தன்னைக் காத்துக்கொள்ள பேஸைத் தானாகவே குறைத்துக்கொள்கின்றன. கடையில் பாதி வால்யூமில் கேட்டு மயங்கியவர் வீட்டில் முழு வால்யூமில் ஏமாறுவது இங்கேதான்.

நான்காவது, புளூடூத். "5.0! நான்கு மடங்கு தூரம், இரண்டு மடங்கு வேகம்" என்று 2016-இல் அந்தப் பதிப்பு வந்தது முதல் போடுகிறார்கள். அந்த நான்கும் இரண்டும் புளூடூத்தின் குறைந்த மின்சக்திப் பிரிவுக்கானவை. கைக்கடிகாரம், சென்சார் போன்றவை பேசும் மொழி அது. பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்குப் பாட்டு இன்னமும் பழைய 'கிளாசிக்' வழியில்தான் போகிறது. எனவே பதிப்பு எண்ணைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். "30 மீட்டர்" என்பதும் தடை ஏதும் இல்லாத திறந்த வெளிக்கான கணக்கு. நம் வீட்டுக் கான்கிரீட் சுவர் ஒன்று நடுவில் வந்தாலே குறையும். நடுவில் ஆட்கள் கூடினாலும் குறையும், ஏனென்றால் நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை உறிஞ்சும். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் பாட்டு விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, தண்ணீர். "ஐபி67" என்றால் தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். சோதிப்பது நல்ல தண்ணீரில். பெசன்ட் நகர் கடற்கரை உப்பு நீருக்கோ, நீச்சல் குளத்துக் குளோரினுக்கோ அது உத்தரவாதம் இல்லை. "ஐபிஎக்ஸ்7" என்று இருந்தால், எக்ஸ் இருக்கும் இடத்தில் தூசிக்கான மதிப்பீடே தரப்படவில்லை என்று பொருள். மணலில் வைப்பவர்கள் இந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஆறாவது, "360 டிகிரி", "ஸ்டீரியோ". ஒரே பெட்டிக்குள் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் இருந்தால் பெயரளவில் ஸ்டீரியோ. பாடகர் நடுவில், வயலின் இடப்பக்கம் என்று கேட்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். பெரிய ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில், இணைத்துக்கொள்ளக்கூடிய சிறிய பெட்டிகள் இரண்டு வாங்க முடியுமா என்று பாருங்கள்.

ஏழாவது, செயலி வழியாக இயங்கும் வைஃபை ஸ்பீக்கர்கள். ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் செயலி கம்பெனியின் கையில் இருக்கிறது. சோனோஸ் நிறுவனம் 2024 மே மாதம் தன் செயலியைப் புதிதாக வெளியிட்டபோது, முன்பு இருந்த பல வசதிகள் அதில் இல்லை. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரியில் தலைமை அதிகாரியே பதவி விலகினார். ஸ்பீக்கர் அதேதான், ஆனால் அது செய்யும் வேலை ஒரே இரவில் மாறிவிட்டது. எனவே எதை வாங்கினாலும் ஒயர் சொருக ஒரு 'ஆக்ஸ்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய மாடல்களில் அது இல்லை.

"அப்படியானால் எண்களை நன்றாகப் படித்துவிட்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகன் அமர் போஸ். 1956-இல், எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, தாளில் எல்லா அளவும் பிரமாதமாக இருந்த விலை உயர்ந்த ஸ்டீரியோ ஒன்றை வாங்கினார். வயலின் படித்தவர். போட்டுக் கேட்டால் ஒலி பிடிக்கவில்லை. ஏன் என்று ஆராயப் போனவர்தான் 1964-இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். எண் உங்களை ஏமாறாமல் காக்கும். தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் காதுதான்.

அதனால் வாங்கும் முன் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் நூறு முறை கேட்ட பாடல்கள் மூன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் தனிக் குரல், ஒன்றில் மிருதங்கம் அல்லது தவில், ஒன்றில் முழு இசைக்குழு. கடைக்காரர் போடும் 'டெமோ' பாட்டு அந்த ஸ்பீக்கருக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தது. அதைக் கேட்க வேண்டாம். முதலில் பாதி வால்யூம், பிறகு முக்கால். முக்காலில் குரல் கிழிகிறதா, மிருதங்கத்தின் இடந்தலை மறைகிறதா என்று கவனியுங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் உங்கள் ஹாலிலேயே இதைச் செய்யுங்கள். கோடு போட்டு அடித்த 14,999 ரூபாயைப் பார்த்து 2,499 மலிவு என்று நினைக்காதீர்கள். அதே 2,499-க்கு வேறு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி அந்த "தும் தும்". மேல் வீட்டுத் தம்பி வேண்டுமென்றே செய்யவில்லை. அவர் ஹாலில் அது பாட்டு. கீழ் வீட்டுப் படுக்கையறையில் வெறும் இடி. குரலையும் வயலினையும் சுவரும் தளமும் ஓரளவு தடுத்துவிடும். ஆழ்ந்த ஒலியைத் தடுப்பது கடினம். அவர் போனில் டெசிபல் செயலி வைத்து "பாருங்கள், 45-தான் காட்டுகிறது" என்றார். அந்தச் செயலிகள் பலவும் காட்டும் 'டெசிபல் ஏ' அளவு, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். செயலியும் பொய் சொல்லவில்லை, கீழ் வீட்டு அம்மாவும் பொய் சொல்லவில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வீட்டிலுள்ள சிஸ்டத்தின் ஒலி வீட்டு எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. ஆனால் விதிக்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஸ்பீக்கரைத் தரையிலும் மூலையிலும் வைக்காதீர்கள். மூலை பேஸைப் பெருக்கும், தரை அதைக் கீழே கடத்தும். அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் வையுங்கள். பத்து மணிக்கு மேல் வால்யூமைவிட முதலில் 'பேஸ் பூஸ்ட்'டை அணையுங்கள். கீழ் வீட்டுக்கு இதுவே பெரிய உதவி.

கடைசியாக, நமது கூடம். குழுவில் வந்த பதினொன்றும் கையில் தூக்கிப் போகும் ஸ்பீக்கர்கள். நண்பர்கள் பத்துப் பேருக்கு நன்றாக இருக்கும். நூறு பேர், மின்விசிறிகள், ஓடும் குழந்தைகள், திறந்த ஜன்னல்கள் என்றால் பின் வரிசைக்குப் பேச்சு புரியாது. நம் தேவை பேஸ் இல்லை. தாத்தா பாட்டிகளுக்கு வார்த்தை புரிய வேண்டும். எனவே ஸ்டாண்டில் தலைக்கு மேல் உயரமாக வைக்கும் இரண்டு பெட்டிகள், ஒயர் மைக் இரண்டு, ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எழுதிய பில், உள்ளூரில் பழுது பார்க்கும் ஆள் என்பது என் பரிந்துரை. புளூடூத் கூடுதலாக இருக்கட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். திரையில் படம் போட்டால் உதடு முன்னால், ஒலி பின்னால் வரும். போன் வைத்திருப்பவர் பந்தி பார்க்கப் போய்விட்டால் தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் நிற்கும்.

ஒப்புதல் கொடுக்கும் முன் கடைக்காரரை ஒரு ஞாயிறு மாலை நம் கூடத்துக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டச் சொல்வோம். முன் வரிசையில் கமிட்டியினர் உட்கார வேண்டாம். எல்லோரும் பின் வரிசைக்கு வாருங்கள். ஒருவர் சங்கத்தின் கணக்கறிக்கையை மைக்கில் படிக்கட்டும். ஒவ்வொரு தொகையும் தெளிவாகக் காதில் விழுந்தால் வாங்கலாம்.