துண்டுத் துணியும் முழுப் போர்வையும்

(நம் சங்கத்துத் தையற் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளன்று பருத்திப்பட்டில் ஆற்றிய உரை)

 

நம் ஊரின் பெயரைக் கேட்கும் வெளியூரார் சிலர், "பருத்தி, பட்டு என்று இரண்டு துணிகளையும் பெயரிலேயே வைத்திருக்கிறீர்களே" என்று நகைப்பதுண்டு. செங்கல்பட்டு என்பதிற்போலவே இங்கும் 'பட்டு' என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல்லே அன்றிப் புடவைப் பட்டு அன்று. ஆயினும் துணிக்கும் நம் பகுதிக்கும் உள்ள உறவு பெயரோடு நின்றுவிடவில்லை. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற படைத்துறை உடைத் தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது. தையற்பொறியின் ஓசை கேளாத தெரு இப்பகுதியில் அரிது. அத்தகைய ஊரில் நின்றுகொண்டு, வெட்டிய துணியை விடுத்து, வெட்டியபின் மிஞ்சும் துணியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இவ்வகுப்பில் ஒட்டுப்போர்வை தைக்கும் பாடத்தைத் தொடங்கிய நாளில், பயில வந்த மகள் ஒருத்தி எழுந்து நின்றாள். "கந்தலிலிருந்து வெளியேறத்தானே நம்மவர் பாடுபட்டனர்? படித்த பிறகும் கந்தலையா தைப்பது?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. எங்களிடம் உடனே விடை இல்லை. அவ்வினா பொருளற்றது எனத் தள்ளிவிடவும் இயலவில்லை. இன்றைய உரை அம்மகளுக்கு நாங்கள் தரும் விடையே ஆகும்.

முதற்கண், அவள் கேட்டது நியாயம் என்பதை ஒப்புக்கொள்வோம். இந்நாட்டில் உடை என்பது வெறும் உடையாக இருந்ததில்லை. மனு நூலின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் எனத் தள்ளிவைக்கப்பட்டோர் பிணத்தின் மேல் கிடந்த துணியையே உடுக்க வேண்டும் என விதித்தது. பழங்காலத்துக் கதை இது என எண்ண வேண்டா. 1930-ஆம் ஆண்டின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. சட்டையும் பனியனும் அணிதலாகாது. பெண்டிர் மேலாடை போர்த்தலாகாது என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

இக்கொடுமையை அறிந்தவராதலின், அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாத் நகரில், மனு நூல் தீயிடப்பட்ட அம்மாநாட்டின்போது, பெண்களைத் தனியே அழைத்து உடையைப் பற்றிப் பேசினார். இன்ன சாதி எனப் பிறர் அடையாளம் காணும்படி உடுத்தும் முறையைக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு புடவைக் கட்டில்கூட விடுதலை இருக்கிறது என அவர் கண்டார். ஆகவே கந்தலைக் கண்டு முகஞ்சுளித்த நம் மகள், அறிந்தோ அறியாமலோ அந்த வரலாற்றின் குரலிலேயே பேசினாள்.

அவ்வாறாயின் ஒட்டுப்போர்வை எதற்கு? இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பிறர் உடுத்துக் கழித்து நம்மேல் எறிந்த துணி ஒன்று. நாமே தேர்ந்து, அளந்து, வெட்டி, நம் கணக்கின்படி இணைத்த துணி மற்றொன்று. இழையால் இரண்டும் ஒன்றாயிருக்கலாம். முன்னதில் நம் விருப்பம் கேட்கப்படவில்லை, பின்னதில் நம் விருப்பமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

இந்த வேறுபாட்டைப் புத்தர் பெருமான் முன்பே அறிந்திருந்தார். பௌத்தத் துறவியர் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணிகளைத் திரட்டித் துவைத்துத் துவரேற்றி உடுத்தினர். மகத நாட்டின் வழியே செல்கையில், வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடந்த நெல்வயல்களைப் புத்தர் காட்டி, அவ்வாறே சீவரம் அமைக்க இயலுமா என ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே அமைத்துக் காட்டியதாகவும் விநய நூல் கூறும். இன்றும் துறவியரின் ஆடை துண்டுகளை வரப்பும் பாத்தியுமாக இணைத்தே தைக்கப்படுகிறது. அரசகுமாரரும் நாவிதரும் ஒரே வகைத் துண்டுத் துணியை உடுத்தபோது, துணியின் மேல் எழுதப்பட்டிருந்த பிறப்பு அழிந்தது. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் நமக்கு நினைவூட்டிய மரபும் இதுவே.

துண்டுகளை இணைக்கும் கலை நாடெங்கும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கிப் பூத்தையலிட்டு ஆக்கும் விரிப்பைக் 'காந்தா' என்பர். அச்சொல்லும் நம் 'கந்தை'யும் ஒரே வேரின என அகராதியார் கூறுவர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் பெண்கள் 'கவந்தி' எனப்படும் ஒட்டுப்போர்வையை விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவர். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளை மலர்போல் வைத்துத் தைத்தாலன்றிப் போர்வை நிறைவுற்றதாக அவர்கள் கொள்வதில்லை. நம் சோழ மண்டலத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் துணியின்மேல் துணி வெட்டி ஒட்டித் தைத்தவையே.

ஆயினும் நம் நிலைக்கு மிக அணுக்கமான சான்று கடலுக்கு அப்பால் உள்ளது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழியினர் அங்கே வாழ்கின்றனர். பருத்தியை விளைவித்த கைகளுக்குப் போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. எனவே உழைத்துக் கிழிந்த காற்சட்டைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் இணைத்துப் போர்வை தைத்தனர். 1932-இல் கடன் கொடுத்த வணிகக் குடும்பம் அவர்தம் கால்நடைகளையும் கருவிகளையும் உணவுப் பொருள்களையும் அள்ளிச் சென்றது. 1962-இல், வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அவர்கள் அக்கரை நகருக்குச் செல்ல முற்பட்ட காலத்தில், ஆற்றுப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006-இல்தான். நாற்பத்து நான்கு ஆண்டுகள்!

அம்மக்கள் என் செய்தனர்? 1966-இல், அவ்வூரையும் அண்டை ஊரையும் சேர்ந்த பெண்கள் கூடி 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவு' ஒன்றை அமைத்தனர். தம் போர்வைகளை நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்றனர். கூட்டுறவு நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியது. வாக்குரிமை கேட்டமைக்காக வீட்டினின்றும் துரத்தப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்நிலத்தில் மனையும் கிடைத்தது. 1972 முதல் சியர்ஸ் என்னும் பெரும் வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தனர். வெட்டியபின் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளையும் வீசிவிடாது தம் வீட்டுப் போர்வைகளில் சேர்த்தனர். அவ்வூர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவர்களில் ஓவியங்களாகத் தொங்கின. 2006-இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

இப்புகழோடு ஒரு பாடமும் உண்டு. 2007-இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர், தம் வேலைப்பாட்டினால் வந்த வருவாய் தமக்கு உரியவாறு வந்து சேரவில்லை என நீதிமன்றம் சென்றனர். பின்னர் அவ்வழக்குகள் தீர்ந்தன. ஆயினும் தைத்தவள் ஒருத்தி, கணக்கு எழுதுபவன் வேறொருவன் என்றிருந்தால் இத்தகைய வழக்கு எவ்வூரிலும் எழும் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, தைக்கும் முறையைச் சொல்வோம். வந்திருக்கும் தாய்மார்கள் வீடு திரும்பியதும் தொடங்கிவிடலாம்.

முதல் வேலை தரம் பிரித்தல். தையற்கடையிலிருந்து வந்த துண்டுகளில் பருத்தியையும் பாலியஸ்டரையும் தனித்தனியே வையுங்கள். ஐயமானால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணிபோல் இறுகும். இரண்டையும் கலந்தால் ஒன்று சுருங்க மற்றொன்று சுருங்காது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் இரண்டும் ஒருபோல் தாங்கா. அடுத்து, எல்லாவற்றையும் நனைத்துத் துவைத்து உலர்த்துங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் ஏறுகிறதா எனப் பாருங்கள். சாயம் போகும் ஒரு துண்டு முழுப் போர்வையையும் கெடுத்துவிடும்.

போர்வையைக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திற்கும் பழைய வேட்டியிலிருந்து 13 அங்குலச் சதுரம் ஒன்றை அடித்துணியாக வெட்டிக்கொள்க. துண்டுகள் கோணல்மாணலாக வெட்டப்பட்டவை. மூலைவாட்டாக உள்ள துணி இழுத்தால் நீளும். அதை நீளாமல் பிடித்து வைப்பது இவ்வடித்துணியே. நடுவில் ஒரு சிறு துண்டை நல்ல பக்கம் மேலிருக்க வையுங்கள். இரண்டாம் துண்டை அதன்மேல் கவிழ்த்து, ஓரங்களைச் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். பிறகு அதைப் புரட்டி விரித்து இஸ்திரி போடுங்கள். மூன்றாம் துண்டு முன் இரண்டின் முனைகளையும் மூடும்படி வரட்டும். இவ்வாறே சுற்றிச் சுற்றி அடித்துணி மறையும்வரை தைத்தல் வேண்டும். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் என்பது தைப்பவளின் உரிமை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

முடிந்ததும், பன்னிரண்டரை அங்குல அட்டை ஒன்றை மேலே வைத்து ஓரத்தை நேராக வெட்டுங்கள். உள்ளே எத்தனை கோணல் இருப்பினும் விளிம்பு நேராதல் வேண்டும். அப்போதுதான் ஒரு கட்டம் மற்றொன்றோடு சேரும். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, கட்டம் 12 அங்குலமாக நிற்கும். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஏழு, ஆக 35 கட்டங்கள் சேர்ந்தால் ஐந்தடிக்கு ஏழடிப் போர்வை. வரிசைகளை இணைக்கையில் ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்புறமும் அடுத்ததை வலப்புறமும் திருப்பினால் சந்திப்புகள் தடிக்கா.

உள்ளே வைக்கப் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்புப் போதும். நம் மார்கழிப் பனிக்கு அதற்குமேல் வேண்டா. அடியில் முழுத் துணி ஒன்றை விரித்து, மூன்றையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீண்ட தையலால் பிணைத்துக்கொண்டு, நான்கு விரற்கிடைக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். இறுதியில் சுற்றிலும் பட்டி வைத்து மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

இதன் விலை என்ன? துண்டுத் துணி இலவசமாக வந்ததால் போர்வையும் மலிவு என்பார் உண்டு. ஏமாந்துவிடாதீர்கள். ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் எனக் கொண்டாலும், 35 கட்டங்களுக்கு 26 மணி நேரத்துக்கு மேலாகிறது. இணைப்பும் ஓட்டுத் தையலும் வேறு. துணிக்கு விலை இல்லை. கைக்கு விலை உண்டு. அந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அந்நோட்டைத் தைத்தவர்களே வைத்திருங்கள். போர்வையின் பின்புறம் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள். நம் பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த படுக்கைகளில்தான் நாமெல்லாம் உறங்கி வளர்ந்தோம். அவற்றில் ஒன்றிலும் அவர்கள் பெயர் இல்லை. எழுத அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. உங்களுக்கு அக்குறை இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். இத்தையல் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மாற்று அன்று. "மகளுக்குத்தான் தையல் தெரியுமே, படிப்பை நிறுத்திவிடலாம்" என எவரேனும் நினைத்தால், இவ்வகுப்பை நாங்களே மூடிவிடுவோம். ஊசியைக் கையில் தந்து புத்தகத்தைப் பறிப்பதற்காக இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கவில்லை. படிக்கும் மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு போர்வை உதவுமானால் அதுவே இவ்வகுப்பின் பயன்.

இறுதியாக, அன்று வினா எழுப்பிய மகளுக்கு ஒன்று கூறுகிறோம். அம்மா, நீ கேட்டிராவிடில் நாங்கள் தைக்க மட்டுமே கற்றுத் தந்திருப்போம்; ஏன் தைக்கிறோம் என எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். கந்தலை உடுத்து என்று எவரேனும் கட்டளையிட்டால் மறுத்துவிடு. கழித்த துணியை இரக்கமாக எவரேனும் நீட்டினாலும் வாங்காதே. ஆனால் நீ பொறுக்கி எடுத்த துண்டு, நீ குறித்த அளவு, நீ சொல்லும் விலை என்றால், அதைத் தைப்பதில் இழிவு ஏதும் இல்லை. அவள் முதற் கட்டத்தை நேற்று முடித்துத் தந்தாள். பின்புறத்தில் அவள் பெயர் இருக்கிறது. நீல நூலால், பிழையின்றி எழுதியிருக்கிறாள்.