முதுசம், சீதனம், தேடியதேட்டம்: எது நிலைக்கும்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



‘நிலையான செல்வமும் தளராத மனமும்’ என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை செய்தவள் என்பதால் முதற்பாதியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. இரண்டாம் பாதியைப் பற்றி இந்த மண்டபத்தில் இருக்கிற எவரும் பேசலாம். 1983, 1990, 1995, 2004, 2009, 2022 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும், எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை ஞாபகம் வரும். ஆகவே இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கிறேன். இத்தனை அடிகளுக்குப் பிறகும் எங்கள் பெண்களின் கையில் எஞ்சி நின்றது எது? எது போனது? ஏன் போனது?

சொத்தைப் பற்றி எங்கள் முன்னோருக்குத் தெளிவான கணக்கு ஒன்று இருந்தது. தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தது. தாய் தகப்பன் வழியில் வருவது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தின்போது கொடுப்பது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி இந்த வழக்கங்களை எழுத்தில் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806 இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். இன்றைக்கும் வடமாகாணத் தமிழருக்கு அது சட்டம்.

இந்த மூன்றும் அடிபட்டதை நாங்கள் கண்டோம். முதுசக் காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. சீதன வீட்டின் கூரையும் கதவு நிலையும் போயின. தேடியதேட்டம் வங்கிக் கணக்கில் இருந்தபடியே 2022 இல் கரைந்தது. இதைத் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரே ஊரில், ஒரே நாளில் இடம்பெயர்ந்த இரண்டு பெண்களில் ஒருவர் ஐந்து வருடத்தில் நிமிர்ந்ததையும் மற்றவர் இருபது வருடமாகியும் நிமிராததையும் வங்கி மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஆனால் எங்கள் கையில் இருக்கும் பங்கும் உண்டு. அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலாவது, கடதாசி.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த இரவில் சிலர் அரிசியை எடுத்தார்கள், சிலர் சாமிப்படத்தை எடுத்தார்கள். சிலர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் வீடமைப்பு உதவிக்கும் கடனுக்கும் வழக்குக்கும் அந்தப் பைதான் கை கொடுத்தது. உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க அலைந்தார்கள். நொத்தாரிசு யார், எந்த ஆண்டு, உறுதி இலக்கம் என்ன என்று தெரிந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. தெரியாதவர்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள்.

வேறொருவர் பத்து வருடம் எதிர்ப்பின்றித் தமக்கே சொந்தம் என்று ஆண்ட காணிக்கு அவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். போரால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறந்திருந்த கதவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு “ஊரில் எங்கட காணி இருக்குது” என்று சொல்லும் சகோதரிகளிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது? கடைசியாக எல்லையைப் பார்த்தது யார்? அற்றோணித் தத்துவம் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண், சீதனமாகக் கிடைத்த தன் சொந்தக் காணியைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவர் காணாமற்போன பெண்ணுக்கு இது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். வீடு அவருடையது, பெயர் அவருடையது, பிள்ளையின் படிப்புக்கு அதை ஈடு வைக்க மட்டும் வழியில்லை. மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே அனுமதி தரலாம் என்ற ஏற்பாடும் அதே சட்டத்தில் இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் ஒப்பாத பெண்களுக்காக, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016 இலிருந்து சட்டத்தில் உண்டு. இந்த இரண்டும் தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த பெண்கள் என் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். தெரிந்திருப்பதும் ஒரு சொத்துத்தான்.

இரண்டாவது, காசு இருக்கும் இடம்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. கணக்காகச் சொன்னால், ஒரு வருடத்துக்கு முன் 59 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 100 ரூபா வேண்டியிருந்தது. களவு போகவில்லை, நெருப்புப் பிடிக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் மாறவே இல்லை. ஆனால் ஓய்வூதியப் பணத்தை முழுவதும் நிலையான வைப்பில் போட்டிருந்த எங்கள் ஆசிரியைகள் பலர் மருந்தைக் குறைத்தார்கள்.

கணக்குப் பாடத்தில் படித்த ஒரு சுருக்கு வழியை ஞாபகப்படுத்துகிறேன். 72 ஐ வட்டி வீதத்தால் பிரியுங்கள். வருகிற விடைதான் காசு இரட்டிக்கும் வருடம். 9 வீதம் என்றால் 8 வருடம். இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். விலைவாசி வருடம் 6 வீதம் ஏறினால் 12 வருடத்தில் உங்கள் காசின் பெறுமதி பாதி. ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்கு வேண்டியதை உடனே எடுக்கக்கூடியதாக வங்கியில் வையுங்கள். மிச்சத்தைக் காணி, பங்கு, அரசாங்கப் பிணையங்கள், கொஞ்சம் தங்கம் என்று பிரித்து வையுங்கள்.

தங்கத்தைப் பற்றி எங்களில் படித்தவர்கள் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். நான் பேசமாட்டேன். இடம்பெயர்ந்த பெண் மடியில் கட்டிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரே வங்கி அதுதான். தாலிக்கொடி அடைவுக்குப் போய்ப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். ஆனால் நகை வேறு, சேமிப்புத் தங்கம் வேறு. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய பதக்கத்தை விற்கும்போது அந்த இரண்டும் திரும்பி வராது. சேமிக்க விரும்பினால் வேலைப்பாடு குறைந்ததாக வாங்குங்கள்.

கூடிய வட்டி பற்றி ஒரு சொல். ஊர் முழுக்க ஒரு வட்டி ஓடும்போது ஒரு நிறுவனம் மட்டும் அதன் இரண்டு மடங்கு தருகிறது என்றால், “எப்படித் தருகிறீர்கள்?” என்று கேளுங்கள். விளங்கும்படி பதில் வராவிட்டால் எழுந்து வாருங்கள். வைப்பு எடுக்க மத்திய வங்கியின் உத்தரவு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். உத்தரவு பெற்றதென்றாலும், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான். கனடாவில் அந்த எல்லை 1 இலட்சம் டொலர், அவுஸ்திரேலியாவில் இரண்டரை இலட்சம் டொலர். ஆட்களைச் சேர்த்தால் காசு என்று வரும் பிரமிட் திட்டங்கள் எங்கள் நாட்டு வங்கிச் சட்டப்படி குற்றம். கொண்டு வருவது உங்கள் வகுப்புத் தோழியாக இருந்தாலும் அது குற்றமே.

மூன்றாவது, இளம் தங்கைமாருக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் வேலை தருபவரின் 12 வீதமும் சேர்கிறது. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பலர் எடுக்கிறார்கள். மண்டப வாடகைக்கும் கூறைச்சேலைக்கும் அது போய்விடுகிறது. 27 வயதில் எடுக்கும் 3 இலட்சம் ரூபாவை 9 வீத வட்டியில் 50 வயது வரை விட்டுவைத்தால் அது 21 இலட்சத்தைத் தாண்டும். விலைவாசி அதில் பெரும் பகுதியைத் தின்னும் என்பதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் அது உங்கள் பெயரில், உங்கள் உழைப்பில், யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய காசு. ஒரு நாள் கலியாணத்துக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னுரித்தாளராக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அம்மா காலமான பிறகும் அப்படியே விட்டிருப்பவர்கள் பலர்.

நான்காவது, கடன். கடன் வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை, கடன் கொடுத்துத்தான் சம்பளம் வாங்கினேன். தையல் இயந்திரத்துக்கும் மாட்டுக்கும் வாங்கும் கடன் உழைத்துத் தன்னைத் தானே கட்டும். சாமத்தியச் சடங்குக்கும் வெளிநாட்டு ஏஜென்சிக்கும் வாங்கும் கடனை வேறு உழைப்புத்தான் கட்ட வேண்டும். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வீட்டு வாசலுக்கே வந்தது. ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போனது. கிழமைதோறும் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பின்கதவால் ஒளிந்த பெண்கள் சோம்பேறிகள் இல்லை. வட்டியை வருட வீதத்தில் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு ஆள் இருக்கவில்லை. கடன் வாங்குபவருக்கும் பிணை நிற்பவருக்கும் என் அறிவுரை ஒன்றே: வருட வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிணைக் கையெழுத்து வைத்தால், அந்தக் கடன் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டே வையுங்கள்.

கடைசியாக, மனம்.

விழுந்தவர்களில் விரைவாக எழுந்தவர்கள் கூடுதலாக வைத்திருந்தவர்கள் என்று நான் காணவில்லை. நேரத்தோடு வாய் திறந்தவர்களே எழுந்தார்கள். முதல் தவணை தவறிய கிழமையே வந்து “கட்ட முடியவில்லை” என்று சொன்னவருக்கு வங்கி தவணையை மாற்றிக் கொடுக்க முடிந்தது. ஒரு வருடம் மறைத்துவிட்டு வந்தவருக்கு ஏல அறிவித்தல்தான் கிடைத்தது. எங்களை வாய் திறக்க விடாமல் தடுப்பது மானம். மானம் நல்லது. ஆனால் கூடப் படித்தவளிடம் கஷ்டத்தைச் சொன்னால் மானம் போய்விடும் என்றால், நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்ததற்கு என்ன பொருள்?

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அங்கே இரண்டு வேலை செய்து, வீட்டுக் கடன் கட்டி, ஊருக்கும் அனுப்பி, தனக்கென்று ஒரு சதமும் சேர்க்காத அக்காமாரை எனக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் அவர்களை வற்றாத கிணறு என்று நினைக்கிறார்கள். “இந்த மாதம் இயலாது” என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். கேட்பவர்களாகிய நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும்.

நூற்றாண்டை முன்னிட்டு மண்டபம் கட்டுகிறோம், நல்லது. அதோடு மூன்று சிறு வேலைகளை எங்கள் சங்கத்தின் முன் வைக்கிறேன். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, சட்டத்தரணியாகவும் கணக்காளராகவும் வங்கியாளராகவும் இருக்கும் பழைய மாணவிகள் இந்தக் கல்லூரியில் கூடி, கடதாசிப் பிரச்சினையோடு வரும் எந்தப் பழைய மாணவிக்கும் இலவசமாக வழி சொல்லட்டும். வெளிநாட்டுக் கிளைகளில் இருப்பவர்கள் தொலைபேசி வழியாக அதில் சேரலாம். உயர்தர வகுப்பை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சான்றிதழோடு ஒரு நாள் பாடமும் கொடுப்போம்: உறுதியை வாசிப்பது எப்படி, சம்பளச் சீட்டை வாசிப்பது எப்படி, கடன் ஒப்பந்தத்தை வாசிப்பது எப்படி. மூன்றாவதாக, ஒரு மாணவியின் வீட்டில் இடி விழுந்தால், அவள் படிப்பை விடாமல் ஒரு வருடம் தாங்கக்கூடிய நிதி ஒன்று வேண்டும். பெயர் வெளியே வராமல், விண்ணப்பத்தோடு அலைய விடாமல், வகுப்பாசிரியையின் ஒரு சொல்லில் கிடைக்க வேண்டும்.

முதுசம் எங்களுக்குக் கிடைத்தது. சீதனம் எங்களுக்காகச் சேர்த்தார்கள். தேடியதேட்டம் நாங்களே தேடியது. இவற்றில் எது எப்போது போகும் என்று சொல்ல எவராலும் முடியாது. இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்த எழுத்தையும் கணக்கையும் ஒருத்திக்கு ஒருத்தி என்ற உறவையும் எந்தச் சோதனைச் சாவடியிலும் எவரும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை. அவற்றை அடுத்த நூறு வருடத்துப் பிள்ளைகளின் பெயருக்கு முறையாக எழுதிக் கொடுப்போம்.