காவலுக்கும் ஒரு காவல்
(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



லஞ்சத்தை எதிர்த்து ஒரு நகரம் கண்ட வழியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். அந்த நகரம் ஹாங்காங். அங்கே போகுமுன் நமது பால் கொட்டகையில் சற்று நில்லுங்கள்.

நான் கிராணி வேலைக்கு வந்த புதிதில், ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) பால் நிறுவையில் வாளிக்கு வாளி எடை குறைந்தது. ஓர் அம்மாள் துணிந்து முறையிட்டார். விசாரிக்க வந்தவர் யார்? தராசைப் பிடித்தவரே! தராசு சரி, அம்மாள்தான் சரியில்லை என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை எழுதிய கை இந்தக் கைதான். இன்றும் வெட்கப்படுகிறேன்.

தோழர்களே, 1974-க்கு முன் ஹாங்காங்கின் கதையும் இதுவே. ஆம்புலன்சுக்காரருக்குக் காசு கொடுத்தால்தான் நோயாளி வண்டியேறுவார். ஆஸ்பத்திரியில் ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஆயா கையை நீட்டுவார். இதை விசாரிக்க வேண்டிய லஞ்ச ஒழிப்புப் பிரிவு எங்கே இருந்தது? போலீஸ் இலாகாவுக்குள்ளேயே இருந்தது. அந்தப் போலீசிலோ லஞ்சம் வேரோடியிருந்தது.

1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரிந்தது. கணக்குக் காட்ட ஒரு வாரத் தவணை கொடுத்தார்கள். ஜூன் 8-ஆம் நாள் அவர் தமது போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டியே விமானம் ஏறிப் பறந்துவிட்டார்! மக்கள் கொதித்தெழுந்தார்கள். காட்பரைப் பிடி என்று விக்டோரியா பூங்காவில் கூடி முழங்கினார்கள். கவர்னர் மெக்லிகோஸ் அசைந்து கொடுத்தார். 1974 பிப்ரவரி 15-ஆம் நாள் ஊழல் ஒழிப்புச் சுயேச்சை ஆணையம் பிறந்தது. 1975-இல் காட்பரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். நான்காண்டுச் சிறை கிடைத்தது.

அந்த ஆணையம் போலீசுக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் தலைவர் அன்று கவர்னருக்கும், இன்று நகரின் தலைமை நிர்வாகிக்கும் நேராகப் பதில் சொல்கிறார். அதற்கு மூன்று கைகள்: ஒன்று குற்றவாளியைப் பிடிக்கும், ஒன்று இலாகாக்களின் நடைமுறையில் திருட்டு நுழையும் ஓட்டைகளை அடைக்கும், ஒன்று மக்களிடம் போய்ப் பேசும்.

பாதை மலர்ப் பாதையன்று. 1977-இல் போலீசாரே திரண்டு ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினர். கவர்னர் பணிந்து, அவ்வாண்டுக்கு முந்திய குற்றங்கள் பலவற்றை மன்னித்துவிட்டார். ஆனால் ஆணையம் சாகவில்லை. 1980-களில் 26 அரசாங்க அடுக்குமாடிகளின் கான்கிரீட் பலமற்றது என்று தெரிந்தபோது விசாரணையில் இறங்கியது. பொதுப்பணத்தில் கட்டியவற்றை இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ஊழலின் மறுபெயர் வீண்செலவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அரசாங்கத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ரஃபேல் ஹுய்யும் தப்பவில்லை. 2014-இல் அவருக்கு ஏழரை ஆண்டுச் சிறை.

ஆணையமே தவறினால் என்ன செய்வது? அதற்கும் ஒரு குழு உண்டு. அந்தக் குழு பார்க்காமல் எந்த விசாரணையையும் ஆணையம் கைவிட முடியாது. காவலுக்கும் ஒரு காவல் என்பது இதுதான்.

நம் நாட்டில் 2009 ஜனவரி முதல் இயங்கும் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு ஹாங்காங்கும் ஒரு முன்மாதிரி. பெயரும் கட்டடமும் போதா. அதன் தலைவரை நியமிப்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அவரைக் கண்காணிப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பது குடிமக்களின் கடமை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் கிளைக் கணக்கைச் சரிபார்ப்பவர்கள் செயற்குழுவுக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கட்டும் என்று முன்மொழிகிறேன். பால் நிறுக்கும் இடத்தில் மரம் வெட்டுவோர் தேர்ந்த இருவர் தினமும் நிற்கட்டும். புகார் சொல்வோர் தேதி, தொகை, சாட்சி ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். நான் எழுதும் செக்ரோலையும் அவர்கள் பார்க்கட்டும். என்னிலிருந்தே தொடங்குங்கள், தோழர்களே!

அன்று முறையிட்ட அந்த அம்மாளுக்கு நான் செலுத்த வேண்டிய கடன் இது.