உழைப்பே நம் சொத்து



ஏழ்மை தலைவிதி என்று நம் காதில் ஓதுகிறார்கள். இஸ்லாமியச் சிந்தனையாளர் இருவர் சொன்னதைக் கேளுங்கள்.

தூனிஸ் நகரில் 1332இல் பிறந்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய ‘முகத்திமா’ நூலில், உழைப்பே மக்களின் சொத்து, கூலியின்றி வேலை வாங்குவது அதைப் பறிப்பது, அந்த அநியாயத்தால் நாடே பாழாகும் என்றார்.

ஈராக்கின் பாக்கிர் அஸ்ஸத்ர் 1961இல் ‘இக்திசாதுனா’ எழுதினார். இயற்கை கஞ்சத்தனம் செய்யவில்லை. பங்கீட்டில் மனிதன் செய்யும் அநீதியும், வளத்தைப் பயன்படுத்தாத அலட்சியமுமே வறுமைக்குக் காரணம் என்றார். உழைக்க வாய்ப்பும், இயலாதவருக்குப் பிழைப்பும் தருவது அரசின் கடமை என்றார். 1980இல் ஈராக் அரசு அவரைக் கொன்றது.

நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் ஏட்டில் கிடந்தால் போதுமா? ஓவர்டைம் கூலி பாக்கியுள்ளவர்கள் நாள்கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். நம் சொத்தை நாம் சேர்ந்து கேட்போம்!