இரண்டு பேர் நடத்தும் வெளிநாட்டுப் பிரிவு

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம்தான். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று நான் போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "என்னம்மா வேலை இது, இந்த நேரத்தில்?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

புறநகரில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியின் வெளிநாட்டு உறவுகள் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான், ஒரு உதவியாளர், ஒரு பீரோ, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். "ஃபாரின் டிபார்ட்மெண்டா? அப்போ எப்பவும் ஃப்ளைட்தான்" என்று லிஃப்டில் கேட்பவர்கள் உண்டு. இந்த வேலைக்காக நான் போன அதிகபட்ச தூரம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவன். வெளிநாட்டவர் பதிவு வேலைகள் ஆன்லைனுக்கு வந்த பிறகு அந்தப் பயணமும் குறைந்துவிட்டது.

எங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் வேலை வரும். வெளிநாட்டிலிருந்து இங்கே படிக்க வருபவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு அனுமதிக் கடிதம், விசா, பதிவு, தங்குமிடம், வங்கிக் கணக்கு எல்லாம் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் வெளிநாடு போவது இன்னொரு பக்கம். டிரான்ஸ்கிரிப்ட், ஆங்கிலத்தில் படித்ததற்கான சான்று, சிபாரிசுக் கடிதம் என்று வரிசையில் நிற்பார்கள். ஜெர்மனி போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமானதும், அதற்கான கேள்விகளும் எங்கள் மேஜைக்கே வந்தன. ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் கூட்டம். நவம்பர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் கூட்டம். நடுவில் மூச்சு விடலாம் என்றால் அப்போது அறிக்கை கேட்பார்கள்.

முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரிந்த ஒரே முறை, யார் முதலில் கதவைத் தட்டுகிறார்களோ அவர் வேலை முதலில். நியாயமான முறை என்றுதான் நினைத்திருந்தேன்.

அது எங்கே கொண்டுவிட்டது என்பதைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்டில் தான்சானியாவிலிருந்து ஒரு மாணவர் வந்தார். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர்கள், வந்த 14 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். அவர் ஹாஸ்டலில் இல்லை, வெளியே வீடு எடுத்திருந்தார். வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தை இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுத்தார். நான் ஒரு போன் போட்டு அழுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழு வருவதாக இருந்தது. பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது பதினேழாம் நாள்.

தாமதக் கட்டணத்தை அந்தப் பையன்தான் கட்டினார். என்னிடம் கோபப்படவில்லை. "மேடம், அடுத்த வருடம் நீட்டிப்புக்குப் போடும்போது இதைக் கேட்பார்களா?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே பிடிக்கவில்லை. பொன்னாடை ஒரு நாள் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்தப் பையனின் காகிதம் மூன்று நாள் தாமதமானதற்கு அவர் பணம் கட்டினார், பயந்தார். சத்தம் போட்டுக் கேட்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, சத்தமே போடாத வேலையை விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சுவரில் ஒரு பெரிய காலண்டர் மாட்டினோம். கணினியிலும் இருக்கிறது, ஆனால் சுவரில் இருப்பதுதான் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு மாணவர் வந்த தேதி, அதிலிருந்து பத்தாம் நாள், தங்கும் அனுமதி முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு, பாஸ்போர்ட் காலாவதிக்கு எட்டு மாதம் முன்பு. பதினான்காம் நாளைக் குறிப்பதே இல்லை, பத்தாம் நாள்தான் எங்கள் கெடு. தவறினால் மாணவருக்குச் சட்டச் சிக்கல் வரும் வேலைகள் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். சிவப்பு முடியாமல் நீலத்தைத் தொடுவதில்லை, யார் கேட்டாலும். எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்திருந்தபோது உதவியாளர் அந்தச் சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் முடித்தார். அதுவரை எல்லாம் என் தலைக்குள் இருந்ததை நானே ஒரு பெருமையாக நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கதவைச் சாத்தி வைக்க ஆரம்பித்தோம். கடிதங்கள் செவ்வாய், வெள்ளி மட்டும். முதல் மாதம் திட்டு வாங்கினோம், பிறகு பழகிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு மூத்த மாணவர்களையே ஒரு பக்கத்தில் பதில் எழுதச் சொன்னோம். சிம் கார்டு எங்கே வாங்குவது, காரம் குறைவாக எந்த மெஸ்ஸில் கிடைக்கும் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். விமான நிலையத்துக்கும் அவர்களே போகிறார்கள். அதற்குக் கல்லூரியிலிருந்து வண்டிச் செலவும் படியும் வாங்கிக் கொடுத்தோம். ஓசியில் வேலை வாங்கிவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பாஸ்போர்ட் நகல் மட்டும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது, அது எங்கள் பீரோவில்தான்.

கஷ்டமாக இருந்தது, வேண்டாம் என்று சொல்வது. புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவதில் கல்லூரிகளுக்கு ஒரு ஆசை உண்டு. எங்கள் பீரோவில் அழகான ஃபைலில் தூங்கும் ஒப்பந்தங்கள் நிறைய. எதில் ஒரு மாணவராவது போயிருக்கிறார், எதில் யாருமே போகவில்லை என்று பட்டியல் எடுத்து முதல்வரிடம் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "சரி, இந்த வருடம் புதிது வேண்டாம்" என்றார்.

இரவு போனுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அவசர எண் ஒன்று வைத்து, வாரம் ஒருவர் மாற்றிக்கொள்கிறோம். ஆஸ்பத்திரி, போலீஸ், பாஸ்போர்ட் தொலைந்தது, இந்த மூன்றுக்கு மட்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறோம். ஆனாலும் பிள்ளை இரண்டு நாளாகப் பேசவில்லை என்று ஒரு தாய் வேறு தேசத்திலிருந்து அழைத்தால் எடுக்காமல் இருக்க முடியுமா? செயலாளர் சார் மாடியில் பார்த்தது அதைத்தான். பையன் போனை உடைத்துக்கொண்டு ரூமில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம். நம் குடியிருப்பிலும் சில வீடுகளில் வெளிநாட்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வெளிநாட்டவர் யாராவது உங்கள் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டியது வீட்டைக் கொடுத்தவரின் பொறுப்பு. சி-படிவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதுவது வேறு, இது வேறு. கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குத்தான் நாங்கள் செய்கிறோம். வாடகை ஒப்பந்தத்தின் நகலை முதல் நாளே அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். அவர் 14 நாளுக்குள் ஓட வேண்டிய ஓட்டம் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஃபாரின் ஆட்களே வேண்டாம், தொல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல் முறை கணக்குத் தொடங்கத்தான் நேரமாகும், அடுத்தடுத்து சீக்கிரம் முடிந்துவிடும்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கிளப் ஹவுசில் இருப்பேன். வீட்டு உரிமையாளர்கள் அடையாள அட்டையும் வீட்டின் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே செய்துவிடலாம். ஆறு மணிக்கு மேல் வந்தால் கிளம்பியிருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.