‘நிறுத்தாதே’ என்னும் ஏவல்



புகழ்பெற்ற நடிகர் இல்லாத சிறு படங்களை நாம் திகில், மாயப் படங்களுக்கு இடமளிக்கும் விழாக்களிலேயே பெரும்பாலும் கண்டெடுக்கிறோம். ஷினிச்சிரோ உவேதா ஏறத்தாழ 30 இலட்சம் யென் செலவில் எடுத்த ஸோம்பிப் படம், 2017இல் தோக்கியோவின் சிற்றரங்கு ஒன்றில் ஆறு நாள் மட்டுமே ஓடியது. மறு ஆண்டு, ஆசிய வெகுமக்கள் படங்களுக்கான இத்தாலியின் ஊதினே விழாவில் பார்வையாளர் வாக்கில் அது இரண்டாமிடம் பெற்றது. அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என்னும் ஆங்கிலத் தலைப்பு வெறும் சொல்விளையாட்டு. ஜப்பானியத் தலைப்போ ‘கமேரா ஓ தோமேருனா’, அதாவது ‘கேமராவை நிறுத்தாதே!’. நம் ‘-ஆதே’ போலவே அங்கு ‘-நா’ வினையின் இறுதியில் நின்று விலக்குகிறது. வெட்டின்றி ஓடும் முதல் 37 நிமிடங்கள் சற்றே சலிப்பூட்டும், நமக்கும் சலித்தது. அந்த ஏவல் எவருக்கு, எதற்கு என்பது பிற்பகுதியில்தான் விளங்கும். ஆங்கிலத் தலைப்பை மட்டும் அறிந்தோர்க்கு அந்த நகை பாதியே கிட்டும்.