பேச்சு போனால் புத்தியும் போச்சா?

(மடவளையில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவர்களைப் பற்றி இன்று பேசுகிறோம். லயத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டால், "அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, இனி ஒண்ணும் வெளங்காது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு மகள் கல்யாணமானாலும் சேமலாப நிதிக் காசானாலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது நியாயமா?

பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கமே பேச்சைக் கவனிக்கிறது. அங்கே அடிபட்டால் சொல் வராது. சிலருக்குப் பிறர் பேசுவதும் சரியாக விளங்காது. இதை அஃபேசியா என்கிறார்கள். யோசனை, ஞாபகம், கவனம் ஆகியவை சிலருக்குச் சேர்ந்து குறையலாம். பலருக்கு நன்றாகவே இருக்கும். ஆளுக்கு ஆள் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பேச முடியாதவரை எப்படிச் சோதிப்பது? 1861இல் பாரிஸ் நகருக்கு அருகே புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அவர் வாயில் "டான்" என்ற சத்தத்தைத் தவிர அநேகமாக வேறொன்றும் வராது. இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் இருக்கிறாய் என்று கேட்டதற்கு, இடது கையின் ஐந்து விரலையும் நாலு தரம் விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21 வருஷம். சரியான கணக்கு!

இன்றும் அந்த வழிதான். ஒரு துண்டு குறைந்த கோலம் போன்ற வண்ணப் படத்தைக் காட்டி, கீழேயுள்ள ஆறு துண்டுகளில் எது பொருந்தும் என்று தொட்டுக் காட்டச் சொல்வார்கள். ரேவன் என்பவர் செய்த இந்தச் சோதனையில் 36 படங்கள் உண்டு. வாய் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் கவனம் வேண்டும். 1992இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சோதனையில் எகிப்து நாட்டுப் பிரமிட்டைக் காட்டி, இரண்டு மரங்களில் எது அதோடு சேரும் என்று கேட்பார்கள். பிரமிட்டையே பார்க்காத நம்ம அம்மா என்ன செய்வார்? கொழுந்துக் கூடையைக் காட்டி, தேயிலைச் செடியா தென்னையா என்று கேட்டால் உடனே தொடுவார். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் படப் புதிர் புதுசு. ஆகவே புள்ளி குறைந்தால் புத்தி குறைவு என்று எடுத்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடியைக் கொண்டு போங்கள். வலது கை விழுந்திருந்தால் இடது கையால் காட்ட விடுங்கள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சிங்களத்தில் கேட்டு பதில் வராதது நோயின் குற்றமல்ல. இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் கேள்வியை மாற்றிச் சொல்லட்டும், பதிலைத் தானே சொல்ல வேண்டாம். பேச்சுச் சிகிச்சை கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

வீட்டில் நடப்பதையும் கவனியுங்கள். காசைப் பிரித்து எண்ணுகிறாரா, சீப்பைச் சரியாகப் பிடிக்கிறாரா, வந்தவரைக் கண்டு சிரிக்கிறாரா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1990க்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும், பேச்சிழந்தவர் இருந்தால் அவர் முன்னால் உட்கார்ந்து, டீயா தண்ணியா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கை நீட்டும்வரை பொறுத்திருங்கள்.